தோட்டத்து வைத்தியமும் தொலைபேசியும்

மலைநாட்டுத் தோட்டங்களில், நோய்க்கு மருந்து உண்டா என்பதைக் காட்டிலும், வைத்தியரை அழைக்கும் அதிகாரம் யாரிடம் உண்டு என்பதே நெடுங்காலம் பெரிய கேள்வியாக இருந்தது.

கோப்பித் தோட்டக் காலத்தில், 1872ஆம் ஆண்டில், மருத்துவத் தேவைகள் சட்டம் பிறந்தது. தோட்டப் பகுதிகள் வைத்திய மாவட்டங்களாக வகுக்கப்பெற்று, வைத்திய அதிகாரிகள் அமர்த்தப்பட்டனர். கோப்பி அழிந்து தேயிலை செழித்தபின் வந்த 1912ஆம் ஆண்டுச் சட்டம், உயிருக்கு ஆபத்தான நோயோ விபத்தோ நேரின் வைத்திய அதிகாரியை அழைப்பிப்பது தோட்டத் துரையின் கடமை என விதித்தது. பிள்ளை பெற்ற தொழிலாளிப் பெண்ணுக்கு ஒரு மாதம் உணவும் உறைவிடமும் தரவேண்டும் என்றும் கூறிற்று. நல்ல விதிகளே. ஆனால், அழைக்க வேண்டியவர் பங்களாவில். நோவால் துடிப்பவளோ மேட்டு லயத்தில்! செய்தி கங்காணியிடம் போய், கணக்கப்பிள்ளையைக் கடந்து, துரையின் செவியை எட்டுவதற்குள் பொழுது விடிந்துவிடுவதும் உண்டு.

பின்னர் வந்த தொலைபேசியும் பங்களாவிலும் ஆபீசிலுமே குடியிருந்தது. தோட்டத்து மருத்துவிச்சியும் அங்கே சென்றுதான் பேசவேண்டும். 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின, துரைமார் மாறினர், தொலைபேசி இருந்த மேசை மாறவில்லை.

1989ஆம் ஆண்டில் கையடக்கத் தொலைபேசி இலங்கைக்கு வந்தபோது அது செல்வர் கையில் மட்டுமே இருந்தது. விலை சரிந்து லயத்துக் காம்பராக்களுக்குள் அது புகுந்த பின்னரே, கர்ப்பிணியும் குடும்பநல மாதும் இடையில் எவருமின்றிப் பேசிக்கொண்டனர். 2020ஆம் ஆண்டு ஊரடங்கில் இதன் அருமை நன்கு விளங்கிற்று. பள்ளத்து லயங்களில் சிக்னலைத் தேடி மேட்டுக்கு ஏறவேண்டியிருப்பது வேறு கதை!

2016ஆம் ஆண்டில் இந்திய உதவியுடன் மேல், தென் மாகாணங்களில் ‘1990’ இலவச அம்புலன்ஸ் சேவை தொடங்கிற்று. 2017ஆம் ஆண்டு மே மாதம் நோர்வூட்டில் பேசிய இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி, அது ஏனைய மாகாணங்களுக்கும் விரியும் என அறிவித்தார். அப்பயணத்தின்போதே டிக்கோயா கிளங்கனில் 150 படுக்கைகள் கொண்ட வைத்தியசாலையும் திறக்கப்பெற்றது. ஒரு நூற்றாண்டுக்கு முன் துரையிடம் சட்டம் ஒப்படைத்த அழைப்பை, இன்று லயத்துச் சிறுமியும் நான்கு எண்களை அழுத்தி விடுக்கலாம்.

அழைப்பு நொடியில் சேர்கிறது. வண்டியோ பல தோட்டங்களில் பெருந்தெருவோடு நின்றுவிடுகிறது; அவ்விடம் வரை நோயாளியைக் கம்பளியில் கிடத்தி, நால்வர் தூக்கி இறங்குகின்றனர்.