கம்யூனிஸ்ட் அறிக்கை

கார்ல் மார்க்ஸ், பிரெடரிக் எங்கெல்ஸ் ஆகிய இருவர் பெயரால் வழங்கும் இப்பிரசுரம், 1848 பிப்ரவரியில், ஜெர்மன் மொழியில், 23 பக்கங்கள் கொண்டதாக, ஆசிரியர் பெயரின்றி லண்டனில் வெளிவந்தது. வர்க்கங்களுக்கிடையே நிகழும் போராட்டமே சரித்திரத்தை இயக்குகிறது என்பது இதன் மூலக்கொள்கை.

பாரிஸில் ஜெர்மானிய அகதிகள் 1836இல் அமைத்த நீதிமான்கள் சங்கம், 1847 ஜூனில் லண்டனில் கூடிய மாநாட்டில் கம்யூனிஸ்ட் சங்கம் என்று பெயர் மாறிற்று. சங்கத்தின் கொள்கைகளைச் சமய போதனை நூல்களைப் போல வினாவிடையாக எழுதுவதே முதலில் கருதப்பட்டது. அக்டோபரில் எங்கெல்ஸ் 25 வினாக்கள் கொண்ட வரைவொன்றை எழுதியும் வைத்தார். ஆயினும், சரித்திரத்தைச் சொல்லியாக வேண்டிய நூலுக்கு அவ்வுருவம் பொருந்தாது என்றும், அதனைக் கைவிட்டு அறிக்கை என்றே பெயரிடலாம் என்றும் நவம்பரில் மார்க்ஸுக்குக் கடிதம் எழுதியவரும் அவரே. இரண்டாம் மாநாடு பணியை இருவரிடமும் ஒப்படைத்தது. பிரஸ்ஸல்ஸுக்குத் திரும்பிய மார்க்ஸ், தொழிலாளர் கழகச் சொற்பொழிவுகளிலும் தடையற்ற வாணிபம் பற்றிய பிரசங்கத்திலும் ஈடுபட்டுக் காலந்தாழ்த்தவே, பிப்ரவரி முதல் தேதிக்குள் கைப்பிரதி வந்து சேராவிடில் மேல்நடவடிக்கை எடுக்கப்படும் என்று மத்தியக் குழு எச்சரித்தது. உலகைக் கலக்கிய நூலொன்று இவ்வாறு தவணைக்கு அஞ்சி முடிக்கப்பட்டது. கைப்பிரதியில் எஞ்சியிருப்பது ஒரே ஒரு தாள். அதன் முதல் இரண்டு வரிகள் மார்க்ஸின் மனைவி ஜென்னியின் கையெழுத்தில் உள்ளன.

நூலில் இருவருக்கும் உள்ள பங்கு பற்றிக் கருத்து வேற்றுமை உண்டு. மூலக்கருத்து மார்க்ஸுக்கே உரியது என்று எங்கெல்ஸ் 1883ஆம் ஆண்டு முன்னுரையில் எழுதினார். வினாவிடையோடு அறிக்கையை ஒப்பிடுவோரிற் சிலர் அதனைத் தன்னடக்கமென்றே கொள்வர்.

1848ஆம் ஆண்டுப் புரட்சிகளில் நூலின் செல்வாக்கு சொற்பமே. வெளிவருமென அறிவிக்கப்பட்ட மொழிபெயர்ப்புகளிற் பல அப்போது வரவில்லை. அறிவிக்கப்படாத சுவீடிஷ் பெயர்ப்பு அதே ஆண்டில் வந்தது. தொழிலாளர் ஒற்றுமைக்கான அறைகூவல் இருந்த இடத்தில், மக்களின் குரலைக் கடவுளின் குரலாகக் கூறும் முதுமொழி அதில் அமர்த்தப்பட்டிருந்தது! ஹெலன் மக்ஃபார்லேனின் ஆங்கிலப் பெயர்ப்பு 1850இல் 'ரெட் ரிபப்ளிகன்' பத்திரிகையில் வந்தபோதே ஆசிரியர் பெயர்கள் முதன்முறையாக அச்சேறின. பின்னர் இருபதாண்டுக் காலம் நூல் பெரும்பாலும் மறக்கப்பட்டே கிடந்தது.

1872இல் லைப்சிக் நகரில் ஜெர்மன் சோஷலிஸ்ட் தலைவர்களான பெபெல், லீப்னெக்ட் ஆகியோர்மீது நடந்த ராஜத்துரோக வழக்கில், அரசாங்கத் தரப்பு இதனைச் சாட்சியமாக்கி நீதிமன்றப் பதிவேட்டில் ஏற்றியது. அதனால் சட்டப்படி மறுபதிப்பிடவும் வழி பிறந்தது. 1869 அளவில் ஜெனீவாவில் வெளிவந்த ருஷ்யப் பெயர்ப்பு பக்கூனினுடையது என்பர். இதை ஐயுறுவோரும் உளர். 1882ஆம் ஆண்டு ருஷ்யப் பெயர்ப்பை எங்கெல்ஸ் வேரா ஸசூலிச்சின் பெயரில் குறித்தார்; அது பிளெகானவுடையதென்பதே பிற்கால முடிபு. சாமுவேல் மூரின் ஆங்கிலப் பெயர்ப்பு 1888இல் வந்தது.

1917ஆம் ஆண்டு ருஷ்யப் புரட்சிக்குப் பின் நூல் உலகெங்கும் பரவியது. தமிழில் இதன் முற்பகுதி 1931இல் ஈ. வெ. ராமசாமியின் 'குடிஅரசு' இதழில் வெளிவந்தது. எஞ்சிய கைப்பிரதித் தாள் 2013இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது.