கணினியின் வேகத்தைக் குறைக்காமல் பாதுகாப்பு: புதிய வைரஸ் தடுப்பு மென்பொருள்களால் முடியுமா?

பெங்களூரு: கணினியைக் காப்பதற்காக நிறுவப்படும் வைரஸ் தடுப்பு மென்பொருளே கணினியின் வேகத்தைக் குறைக்கிறது என்பது பயனர்களின் நெடுநாள் புகார். அண்மைக்கால மென்பொருள்கள் இந்தக் குறையைப் பெருமளவு களைந்துள்ளன. எனினும், பரிசோதனைக்கான உழைப்பு மறைந்துவிடவில்லை. அது வேறு இடத்துக்கு மாற்றப்பட்டுள்ளது. அந்த மாற்றம் எல்லாக் கணினிகளுக்கும் ஒரே அளவில் பயன் தருவதில்லை.

தமிழர்கள் கணிசமாக வாழும் பெங்களூருவின் ஸ்ரீராம்புரம் போன்ற பகுதிகளில் இந்தக் கேள்விக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. இத்தகைய பகுதிகளில் உள்ள ஜெராக்ஸ் கடைகளிலும் இணைய மையங்களிலும் ஒரே கணினியைப் பலர் பயன்படுத்துகின்றனர். சேவா சிந்து தளத்தில் விண்ணப்பிப்பது, ஆதார் நகல் எடுப்பது, பென் டிரைவில் கொண்டுவரும் ஆவணத்தை அச்சிடுவது எனப் பல வேலைகள் அதில் நடைபெறுகின்றன. வாடிக்கையாளர்கள் வரிசையில் காத்திருக்கும்போது கணினி திணறினால், வைரஸ் தடுப்பு மென்பொருளை அணைத்துவிடவே கடைக்காரருக்குத் தோன்றும். அவ்வாறு அணைக்கப்படும்போது பிறருடைய அடையாள ஆவணங்களும் பாதுகாப்பை இழக்கின்றன.

வேகம் குறைவது ஏன்?

1986-ஆம் ஆண்டு பாகிஸ்தானின் லாகூரில் உருவான 'பிரெய்ன்', ஐபிஎம் வகைத் தனிநபர் கணினிகளைத் தாக்கிய முதல் வைரஸாகக் கருதப்படுகிறது. அக்காலத்தில் வைரஸ்களின் எண்ணிக்கை மிகக் குறைவு. ஒவ்வொரு வைரஸுக்கும் உரிய அடையாளக் குறியீட்டைப் பட்டியலிட்டு, கோப்புகளை அதனுடன் ஒப்பிட்டாலே போதுமானதாக இருந்தது. வைரஸ்கள் பெருகப் பெருக அந்தப் பட்டியலும் பெருத்தது. ஒப்பிடும் வேலையும் அதனுடன் வளர்ந்தது.

அடுத்து வந்த 'நிகழ்நேரப் பாதுகாப்பு' முறை இந்த வேலையை மேலும் கூட்டியது. ஒரு கோப்பைத் திறக்கவோ, நகலெடுக்கவோ, இயக்கவோ முயலும்போது வைரஸ் தடுப்பு மென்பொருள் இடையில் நின்று அதைப் பரிசோதிக்கிறது. அனுமதி கிடைக்கும் வரை அந்தக் கோப்பு காத்திருக்க வேண்டும். ஒரு செயலியைத் திறந்தால் பின்னணியில் நூற்றுக்கணக்கான சிறு கோப்புகள் திறக்கப்படுகின்றன. ஒவ்வொன்றிலும் ஏற்படும் நொடிப்பொழுதுத் தாமதங்கள் ஒன்றுசேர்ந்தே பயனர் உணரும் மந்தநிலையாகின்றன. தட்டு சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க் உள்ள கணினிகளில் இந்தத் தாமதம் அதிகம். எஸ்எஸ்டி உள்ளவற்றில் குறைவு.

சுமையைக் குறைத்த நான்கு வழிகள்

முதலாவது, நினைவில் வைத்துக்கொள்வது. ஒருமுறை பரிசோதித்துப் பாதுகாப்பானது எனக் கண்டறிந்த கோப்பு மாற்றப்படாத வரை, புதிய மென்பொருள்கள் அதை மீண்டும் முழுமையாகப் பரிசோதிப்பதில்லை. நம்பகமான நிறுவனங்களின் டிஜிட்டல் கையொப்பம் உள்ள கோப்புகளுக்கும் பரிசோதனை குறைக்கப்படுகிறது.

இரண்டாவது, கிளவுட். பெரும் பட்டியலை ஒவ்வொரு கணினியிலும் வைக்காமல் நிறுவனத்தின் சர்வரில் வைக்கின்றனர். சந்தேகத்துக்குரிய கோப்பின் அடையாளம் மட்டும் இணையம் வழியே அனுப்பப்பட்டு, பதில் பெறப்படுகிறது.

மூன்றாவது, ஓய்வு நேரம். பயனர் கணினியைப் பயன்படுத்தாத வேளையில் முழுப் பரிசோதனை நடத்தப்படுகிறது. விண்டோஸுடன் வரும் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டரில், முன்கூட்டியே திட்டமிட்ட பரிசோதனையின்போது பிராசஸரின் பயன்பாடு சராசரியாக 50 சதவீதத்தைத் தாண்டாதவாறு இயல்பு வரம்பு அமைக்கப்பட்டுள்ளது. இந்த வரம்பைக் குறைக்கவும் முடியும்.

நான்காவது, வன்பொருளின் துணை. நினைவகத்தைப் பரிசோதிக்கும் பணியை பிராசஸரிலிருந்து கணினியின் கிராஃபிக்ஸ் பகுதிக்கு மாற்றும் தொழில்நுட்பத்தை இன்டெல் நிறுவனம் 2018 ஏப்ரலில் அறிவித்தது. இதனால் பிராசஸரின் பயன்பாடு 20 சதவீதத்திலிருந்து 2 சதவீதம் வரை குறைந்ததாகத் தனது தொடக்கக்கட்டச் சோதனைகளை மேற்கோள் காட்டி அந்நிறுவனம் தெரிவித்தது.

இந்த வழிகள் ஒவ்வொன்றிலும் ஒரு விட்டுக்கொடுத்தல் உள்ளது. கிளவுடை நம்பியிருக்கும் மென்பொருள், இணையம் துண்டிக்கப்பட்டால் வலுவிழக்கக்கூடும். ஓய்வு நேரத்தில் பரிசோதிக்கும் மென்பொருளுக்கு, நாள் முழுவதும் ஓய்வின்றி இயங்கி இரவில் அணைக்கப்படும் கடைக் கணினியில் வாய்ப்பே கிடைக்காமல் போகலாம். பழைய கணினிகளில் புதிய வன்பொருள் வசதிகள் இருப்பதில்லை.

ஆய்வகங்கள் அளப்பது எப்படி?

ஆஸ்திரியாவின் இன்ஸ்புரூக் நகரில் இயங்கும் ஏவி-கம்பேரட்டிவ்ஸ், ஜெர்மனியின் மாக்டபுர்க் நகரில் இயங்கும் ஏவி-டெஸ்ட் ஆகியவை இத்துறையில் அறியப்பட்ட சோதனை நிறுவனங்கள். கோப்புகளை நகலெடுத்தல், செயலிகளை நிறுவுதல், அவற்றைத் திறத்தல், பதிவிறக்கம் செய்தல், இணையதளங்களைத் திறத்தல் ஆகிய அன்றாட வேலைகளுக்கு ஆகும் நேரத்தை, வைரஸ் தடுப்பு மென்பொருள் இருக்கும்போதும் இல்லாதபோதும் அளந்து இவை ஒப்பிடுகின்றன.

ஏவி-டெஸ்ட் நிறுவனம் பாதுகாப்பு, வேகம், பயன்பாட்டு எளிமை ஆகிய மூன்றுக்கும் தலா 6 புள்ளிகள் வீதம் மொத்தம் 18 புள்ளிகளுக்கு மதிப்பிடுகிறது. பாதுகாப்புக்கும் வேகத்துக்கும் ஒருசேர முழுப் புள்ளிகள் பெறும் மென்பொருள்கள் இப்போது பல உள்ளன. எனவே, இரண்டும் ஒன்றுக்கொன்று முரணானவை என்ற பழைய கருத்து இன்று அப்படியே பொருந்தாது.

ஆனால், இத்தகைய முடிவுகளைப் படிக்கும்போது இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். ஏவி-கம்பேரட்டிவ்ஸ் தனது வேகச் சோதனைக்குக் குறைந்த திறன்கொண்ட கணினியையே பயன்படுத்தினாலும், அதில் எஸ்எஸ்டி பொருத்தப்பட்டுள்ளது. பழைய ஹார்ட் டிஸ்க்கில் அதே அனுபவம் கிடைக்கும் எனக் கொள்ள முடியாது. இரண்டாவதாக, இணைய இணைப்பு இல்லாதபோது வைரஸைக் கண்டறியும் திறனை அந்நிறுவனம் தனியே வெளியிடுகிறது. வாடிக்கையாளர்களின் பென் டிரைவ்களைக் கையாளும் கடைகளுக்கு மொத்தப் புள்ளிகளைக் காட்டிலும் இந்த எண்ணே பயனுள்ளது.

இந்திய நிறுவனங்கள்

இத்துறையில் இந்திய நிறுவனங்களும் நெடுங்காலமாக உள்ளன. ஜெ.கேசவர்தனன் 1991-இல் தொடங்கிய கே7 கம்ப்யூட்டிங் நிறுவனம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டது. ஜப்பானிலும் அதன் தொழில்நுட்பம் விற்பனையாகிறது. ஏவி-கம்பேரட்டிவ்ஸ் நடத்தும் வேகச் சோதனைகளில் மிக உயர்ந்த தரநிலையை கே7 பெற்றுள்ளது.

புனேயைச் சேர்ந்த குயிக் ஹீல் நிறுவனத்தின் வேர், கைலாஷ் கட்கர் நடத்திய பழுதுநீக்கும் கடையில் உள்ளது. பழுதுபார்க்க வந்த கணினிகளில் வைரஸ் தொல்லை மிகுந்ததைக் கண்ட பின், அவரது தம்பி சஞ்சய் கட்கர் அதற்கான மென்பொருளை எழுதினார். 2016-இல் அந்நிறுவனம் பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்டது.

வேகத்தைக் கெடுக்கும் பிழைகள்

மந்தநிலைக்குச் சில நேரங்களில் மென்பொருளில் உள்ள பிழையே காரணமாகிறது. ஃபயர்ஃபாக்ஸ் உலாவியைப் பயன்படுத்தும்போது மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் பிராசஸரை அளவுக்கு மீறிப் பயன்படுத்துவதாக 2018-இல் மொசில்லாவிடம் புகார் பதிவானது. அதற்கான திருத்தம் 2023-இல்தான் வெளியானது. அதன்பின் ஃபயர்ஃபாக்ஸ் வழி உலாவும்போது டிஃபெண்டரின் பிராசஸர் பயன்பாடு சுமார் 75 சதவீதம் குறையும் என மொசில்லா பொறியாளர் ஒருவர் தெரிவித்தார்.

பாதுகாப்பு மென்பொருளில் நேரும் பிழை கணினியை முற்றிலும் முடக்கவும் கூடும். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் நிறுவனம் வெளியிட்ட பிழையான புதுப்பிப்பால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் செயலிழந்தன. இந்திய விமான நிலையங்களிலும் சேவைகள் பாதிக்கப்பட்டன. பயணிகள் சிலருக்குக் கையால் எழுதப்பட்ட போர்டிங் பாஸ் வழங்கப்பட்டது. இத்தகைய மென்பொருள்கள் இயங்குதளத்தின் ஆழமான அடுக்கில் செயல்படுவதே பாதிப்பு இவ்வளவு கடுமையாக இருந்ததற்குக் காரணம்.

பழைய கணினி வைத்திருப்போர் செய்யத்தக்கவை

* ஒரே கணினியில் நிகழ்நேரப் பாதுகாப்பு தரும் இரண்டு மென்பொருள்களை நிறுவக் கூடாது. ஒன்றையொன்று பரிசோதிக்க முயன்று அவை வேகத்தைக் குறைக்கும்.

* முழுப் பரிசோதனையை மதிய உணவு இடைவேளை அல்லது கடை மூடும் நேரத்துக்குத் திட்டமிடலாம். பரிசோதனை முடிந்த பிறகே கணினியை அணைக்க வேண்டும்.

* வேகத்துக்காக டி டிரைவ், பென் டிரைவ் ஆகியவற்றை முழுமையாகப் பரிசோதனையிலிருந்து விலக்கி வைப்பது ஆபத்தானது.

* ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்எஸ்டி பொருத்துவது, மென்பொருளை மாற்றுவதைவிடக் கூடுதல் பலன் தரும்.

* இந்திய கணினி அவசரகால நடவடிக்கைக் குழுவின் சைபர் ஸ்வச்தா கேந்திரா 2017 பிப்ரவரியில் தொடங்கப்பட்டது. பென் டிரைவ் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் 'யுஎஸ்பி பிரதிரோத்', அனுமதிக்கப்பட்ட மென்பொருள்களை மட்டும் இயங்கவிடும் 'ஆப் சம்வித்' ஆகிய இலவசக் கருவிகள் அதன் வாயிலாக அறிமுகப்படுத்தப்பட்டன.

* இயங்குதளப் புதுப்பிப்புகளைத் தவிர்க்கக் கூடாது. 2017 மே 12 அன்று பரவத் தொடங்கிய 'வான்னாகிரை' தாக்குதலில் ஆந்திரப் பிரதேச காவல் துறையின் கணினிகளும் பாதிக்கப்பட்டன. அந்தத் தாக்குதல் பயன்படுத்திய குறைபாட்டுக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச் மாதத்திலேயே வெளியிட்டிருந்தது.

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. அதில் உள்ள டிஃபெண்டருக்கு வைரஸ் பட்டியல் புதுப்பிப்புகள் 2028 அக்டோபர் வரை வழங்கப்படும் என மைக்ரோசாஃப்ட் அறிவித்துள்ளது. ஆனால், இயங்குதளத்தில் புதிதாகக் கண்டறியப்படும் குறைபாடுகளை அந்தப் பட்டியல் அடைக்காது. எவ்வளவு இலகுவான வைரஸ் தடுப்பு மென்பொருளும் இதற்கு ஈடாகாது.

புதிய கணினியில் இணைய இணைப்புடன் பணியாற்றுவோருக்கு, வேகம் குறையாத பாதுகாப்பு இன்று பெருமளவு சாத்தியம். கணினியுடன் வரும் மென்பொருளே அதற்குப் போதுமானதாக இருக்கலாம். பழைய ஹார்ட் டிஸ்க், விட்டுவிட்டு வரும் இணையம், பலரது பென் டிரைவ்கள் என்ற சூழலில் ஓரளவு தாமதத்தை ஏற்பதே பாதுகாப்பானது. இணையவழி நிதி மோசடிக்கு ஆளானோர் 1930 என்ற உதவி எண்ணில் உடனடியாகப் புகார் அளிக்கலாம்.