அணைந்த திரைக்குப் பின்னால்: கைபேசியை எழுப்பும் உரிமையின் வரலாறு

திரை அணைந்திருக்கும் வேளையில் கைபேசி என்ன செய்கிறது என்பது, அதை எழுப்பும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதைப் பொறுத்துக் காலந்தோறும் மாறிவந்திருக்கிறது. 1983இல் அறிமுகமான மோட்டோரோலாவின் டைனாடேக், சுமார் அரை மணி நேரப் பேச்சுக்கும் எட்டு மணி நேரக் காத்திருப்புக்கும்தான் தாங்கியது. 1991இல் ஃபின்லாந்தில் தொடங்கிய ஜி.எஸ்.எம். சேவையில் காத்திருப்புக்கு ஓர் ஒழுங்கு பிறந்தது. கோபுரம் கைபேசிகளைக் குழுக்களாகப் பிரித்து, அழைப்பு வந்திருக்கும் செய்தியை அந்தந்தக் குழுவுக்குரிய கணத்தில் மட்டும் அறிவிக்கும். பேஜிங் எனப்படும் இவ்வறிவிப்பைக் கேட்பதற்காகக் கைபேசி ஏறத்தாழ அரை நொடி முதல் இரண்டு நொடிக்கு ஒருமுறை தன் ரேடியோவைத் திறந்து, தனக்கு ஒன்றும் இல்லையெனில் உடனே மூடிக்கொள்ளும். பேட்டரி நாள்கணக்கில் நிலைத்ததில் இந்த ஏற்பாட்டுக்குப் பெரும் பங்குண்டு.

திறன்பேசியின் வருகையால் இவ்வொழுங்கு குலைந்தது. 2008இல் வெளிவந்த முதல் ஆண்ட்ராய்டு கைபேசியில் திரை அணைந்ததும் புராசஸர் உறங்கிவிடும். ஆனால் வேக்லாக் என்னும் பூட்டைப் பிடித்துவைத்திருக்கும் எந்தச் செயலியும் அவ்வுறக்கத்தைத் தடுக்கலாம். பாட்டு தொடர்ந்து ஒலிக்கவும் பதிவிறக்கம் முடியவும் இப்பூட்டு தேவைதான் என்றாலும், அதை விடுவிக்கத் தவறிய ஒரு செயலி இருந்தால் போதும், இரவில் முழுதாக சார்ஜ் ஏற்றிய கைபேசி விடிவதற்குள் காலியாகிவிடும். ஆண்ட்ராய்டின் அடித்தளமான லினக்ஸ் கெர்னலை உருவாக்குவோர் இந்த முறையைப் பற்றிப் பல ஆண்டுகள் வாதிட்டு, 2012இல் வந்த 3.5 பதிப்பில்தான் இதையொத்த வசதிக்கு இடம் கொடுத்தனர். அதே 2012 ஜனவரி 25 அன்று டோக்கியோவில், செயலிகள் தத்தம் சர்வருடன் தொடர்பு அறுந்துவிடாமலிருக்கச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை அனுப்பிய சிறு சமிக்ஞைகள் பெருகியதால் டொகோமோ நிறுவனத்தின் நெட்வொர்க் திணறி, சுமார் 25 லட்சம் பேரின் சேவை பாதிக்கப்பட்டது. உறங்குவதாகத் தோன்றும் கைபேசிகளின் சுமை ஒரு பெருநகரின் தொலைத்தொடர்பையே அசைக்கும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய நிகழ்ச்சி அரிது.

தீர்வு, எழுப்பும் உரிமையை மீண்டும் ஒரே வாசலுக்குள் கொண்டுவருவதில் கிடைத்தது. ஆப்பிள் 2009இலும் கூகுள் 2010இலும் ஏற்கெனவே தொடங்கியிருந்த புஷ் சேவைகளில், எல்லாச் செயலிகளுக்கும் பொதுவாக ஒரே இணைப்பு திறந்திருக்கும். செய்தி வந்தால் அவ்வழியே கைபேசி எழுப்பப்படும். 2015இல் ஆண்ட்ராய்டு 6 கொண்டுவந்த டோஸ் முறை, சார்ஜரில் இல்லாமல், அசையாமல், திரை அணைந்து கிடக்கும் கைபேசியில் செயலிகளின் வேக்லாக்குகளைப் புறக்கணித்து, நெட்வொர்க் தொடர்பையும் நிறுத்திவைக்கிறது. தேங்கிய வேலைகளை, வரவர இடைவெளி கூடிக்கொண்டே போகும் குறுகிய பராமரிப்பு நேரங்களில் மொத்தமாக முடிக்கவிடுகிறது.

பேட்டரிக்கு நன்மை செய்த இம்மாற்றம் அந்தரங்கத்துக்கு நன்மை செய்ததாகச் சொல்ல முடியாது. முன்பு பல சர்வர்களில் சிதறிக் கிடந்த அறிவிப்புப் பதிவுகள் இப்போது இரு நிறுவனங்களின் வாசலில் குவிகின்றன. அப்பதிவுகளை அரசுகள் கேட்டுப் பெறுகின்றன என்பதை அமெரிக்க செனட்டர் ரான் வைடன் 2023 டிசம்பரில் தம் நாட்டு நீதித்துறைக்கு எழுதிய கடிதம் வெளிக்கொணர்ந்தது. அதன்பின் ஆப்பிள், நீதிமன்ற ஆணையின்றி இவற்றைத் தருவதில்லை எனத் தன் விதியை மாற்றியது. எந்தச் செயலிக்கு, எந்த நேரத்தில், எந்தக் கணக்குடன் இணைந்த கைபேசிக்கு அறிவிப்பு சென்றது என்பதை, செய்தியின் உள்ளடக்கத்தைத் திறக்காமலே அப்பதிவுகளிலிருந்து அறியலாம்.