புற ஊதாக் கதிரும் தளத்தின் சாய்வும்

ஒரு தளத்தில் விழும் சூரியப் புற ஊதாக் கதிரின் அளவு, அது சூரியனை நோக்கி எந்தக் கோணத்தில் சாய்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்து மாறும். வானிலை அறிக்கைகள் தரும் புற ஊதாச் சுட்டெண் கிடைமட்டத் தளத்துக்கு மட்டுமே உரியது. நிற்கும் மனித உடலிலோ கிடைமட்டமான பகுதி மிகக் குறைவு.

நேரடிக் கதிரின் கணக்கு எளிது. தளத்துக்குச் செங்குத்தான கோட்டோடு கதிர் அமைக்கும் கோணத்தின் கோசைன் மதிப்பே பங்கைத் தீர்மானிக்கிறது. சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்தில் நண்பகல் சூரியன் ஏறக்குறைய உச்சிக்கு நேராக நிற்கும். உச்சந்தலை, தோள், மூக்குத்தண்டு ஆகியவை முழு வீச்சையும் வாங்கும். சுவரில் நேரடிக் கதிர் அநேகமாகப் படாது. சூரியன் 30° உயரத்துக்கு இறங்கினால் தரைக்கு 0.5 பங்கு, சூரியனைப் பார்த்த சுவருக்கு 0.87 பங்கு. ஆனால் அப்போது கதிர் கடக்கும் காற்றின் தடிமன் இரு மடங்காகிவிடுவதால், தோலைச் சுடும் புற ஊதா-பி வெகுவாக வடிகட்டப்பட்டிருக்கும்.

கோசைன் கணக்கோடு நின்றுவிடுவதுதான் பலரும் செய்யும் பிழை. காற்று மூலக்கூறுகள் குறுகிய அலைகளையே அதிகம் சிதறடிக்கின்றன. 300 நானோமீட்டர் அலை, 600 நானோமீட்டர் அலையைவிடச் சுமார் 16 மடங்கு சிதறும். எனவே தெளிந்த வானிலும் புற ஊதா-பியில் பெரும்பகுதி சூரியத் தட்டிலிருந்து நேராக வராமல் வானம் முழுவதிலிருந்தும் வருகிறது. வெயிலுக்கு முதுகைக் காட்டி நிற்பவரின் முகமும் தப்பாது. செங்குத்துச் சுவர் பாதி வானத்தைப் பார்க்கிறது. எஞ்சிய பாதிக்குத் தரை திருப்பி அனுப்புவது வந்து சேரும். புல்தரை திருப்புவது 10 சதவீதத்துக்கும் குறைவு, உலர்ந்த கடற்கரை மணல் சுமார் 15 சதவீதம், புதுப்பனி 80 சதவீதம் வரை. பனிமலை ஏறுவோருக்கு மோவாயின் அடிப்பகுதியும் மூக்குத் துளைகளின் உட்புறமும் வெந்துபோவது இதனால்தான்.

கண் இன்னொரு விதிவிலக்கு. புருவமும் மேல்இமையும் உச்சி வெயிலை மறைத்துவிடும். ஜப்பானின் கனஸாவாவில் பொம்மைத் தலையின் கண்ணில் உணரி பொருத்தி அளந்து, 2011இல் வெளியான ஆய்வில், சூரியன் உயர ஏறும் நாட்களில் சூரியனை நோக்கிய கண்ணுக்கு உச்ச அளவு நண்பகலில் கிடைக்கவில்லை; காலையிலும் பிற்பகலிலும் சூரியன் ஏறத்தாழ 40° உயரத்தில் இருந்தபோதே கிடைத்தது. சுட்டெண்ணை மட்டும் பார்த்துக் குளிர்கண்ணாடியைக் கழற்றிவைப்பது சரியல்ல.

உடலின் வெவ்வேறு பகுதிகள் பெறும் அளவை அறிய, 1970களிலிருந்து பாலிசல்போன் படலத் துண்டுகளை ஒட்டி அளக்கிறார்கள். பெயின்ட், பிளாஸ்டிக் தொழிலிலும் சாய்வு கவனிக்கப்படுகிறது. ஃபுளோரிடாவின் வெயில் சோதனைத் திடல்களில் மாதிரிப் பலகைகளைத் தெற்கு நோக்கி 45° சாய்வில் வைப்பது வழக்கம். கார் பூச்சுகளுக்கு 5° சாய்வு, மழைநீர் தேங்காமல் வழிய அதுவே போதும்.