மனுவுக்கு நீதிமன்றக் கதவைத் திறந்தது யார்?

மனு இரண்டாயிரம் ஆண்டுகளாக இந்த நாட்டை ஆண்டான் என்று நம் கூட்டங்களில் அடிக்கடி சொல்கிறோம். கோபத்தின் பேச்சாக அது சரி. வரலாறாகச் சொல்லும்போது இன்னும் கூர்மை வேண்டும், தோழர்களே. ஊரையும் சேரியையும் பிரித்து வைக்க எந்த ஆண்டைக்கும் சமஸ்கிருத நூல் தேவைப்படவில்லை. ஊர் வழக்கமே போதுமானதாக இருந்தது. அந்தப் பழைய நூல்கள் கோர்ட்டும் போலீசும் உள்ள நவீன அரசின் சட்டமாக மாறியது கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில்தான்.

1772இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் வங்காளத்துக்கு ஒரு திட்டம் வகுத்தார். வாரிசுரிமை, திருமணம், சாதி, மதப் பழக்கம் பற்றிய வழக்குகளில் இந்துக்களுக்குச் சாஸ்திரம், முஸ்லிம்களுக்குக் குரான். ‘சாதி’ தனியாகவே அந்தப் பட்டியலில் இருப்பதைக் கவனியுங்கள். சாஸ்திரம் என்ன சொல்கிறது என்று எடுத்துச்சொல்ல நீதிமன்றங்களில் பண்டிதர்கள் அமர்த்தப்பட்டார்கள். 1794இல் வில்லியம் ஜோன்ஸின் மனுஸ்மிருதி மொழிபெயர்ப்பு கல்கத்தாவில் வெளிவந்தது. அதன்பின் வெள்ளைக்கார நீதிபதி தானே படித்துக்கொள்ளலாம். பின்னாளில், திருமணத்துக்கு வெளியே பிறந்த மகனுக்குச் சொத்தில் பங்கு உண்டா என்ற வழக்கில்கூட, அந்தக் குடும்பம் சூத்திரரா இல்லையா என்று முதலில் முடிவுசெய்ய வேண்டியிருந்தது.

இது நம் பக்கத்தில் எப்படி நடந்தது என்பதற்குக் கமுதி வழக்கு போதும். 1897இல் கமுதி மீனாட்சி சுந்தரேஸ்வரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்தார்கள். அறங்காவலரான ராமநாதபுரம் ராஜா பாஸ்கர சேதுபதி வழக்குப் போட்டார், மதுரையில் ஜெயித்தார். மேல்முறையீடு நடக்கும்போது அவரே சமரசத்துக்கு இறங்கி வந்தார். சண்டை அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1908இல் அங்கே வந்த தீர்ப்பு: ஆகமப்படியும் கோயில் வழக்கப்படியும் உரிமை இல்லாதவர்களை உள்ளே விட ஒப்புக்கொள்வது, அறங்காவலர் தன் பொறுப்புக்குச் செய்யும் துரோகம். அதாவது, கதவைச் சாத்திய ராஜா திறக்க நினைத்தாலும் சட்டம் விடாது. பழைய நூலுக்கு இவ்வளவு பலம் எந்தச் சோழ அரசனும் கொடுத்ததல்ல, லண்டன் கொடுத்தது.

1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர், கக்கன் உள்ளிட்ட தலித் தோழர்களோடும் ஒரு நாடாரோடும் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் போனார். உடனே ராஜாஜி அரசு என்ன செய்தது? உள்ளே விட்ட கோயில் அதிகாரிகள்மீது யாரும் வழக்குத் தொடுக்காதபடி அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அப்படி ஒரு பாதுகாப்பு ஏன் தேவைப்பட்டது என்பது 1908 தீர்ப்பைப் படித்தால்தான் புரியும்.

அம்பேத்கர் இதை நன்றாக அறிந்த வழக்கறிஞர். அரசியலமைப்பின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 13ஆவது பிரிவோ, அடிப்படை உரிமைக்கு முரணான பழைய சட்டங்கள் செல்லாது என்றது. சட்டம் என்ற சொல்லுக்குள் வழக்கத்தையும் சேர்த்தது. அடைக்க வேண்டிய வாசல் எது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஆனால் 1951இல், நரசு அப்பா மாலி வழக்கில், மதவழித் தனிநபர் சட்டங்கள் 13ஆவது பிரிவுக்குள் வராது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2018 சபரிமலைத் தீர்ப்பில் நீதிபதி சந்திரசூட் அதைக் கடுமையாக விமர்சித்தார். சட்டம் படிக்கும் தோழர்கள் இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படியுங்கள். 1772இல் போட்ட கோடு இன்னும் அங்கே தெரிகிறது.