ஸ்பேஸா, டேப்பா? ஒரு பழைய சண்டையின் கதை

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் நிரல் கத்துக்குற பிள்ளைகள் முதல்முறையா ஒரு கட்டற்ற மென்பொருளுக்குத் திருத்தம் அனுப்பும்போது, அவங்களுக்கு ஒரு பயம் இருக்கும். "வேலை செய்யுது, ஆனா எழுதின விதம் சரியில்லை"ன்னு யாராவது திருப்பி அனுப்பிடுவாங்களோ? அந்தப் பயத்தைக் குறைச்ச கருவிகளோட வரலாறுதான் இன்னைக்குப் பேசப்போறேன்.

சி மொழியில கர்லி பிரேஸை அதே வரியில போடலாம், அடுத்த வரியிலயும் போடலாம். கம்பைலருக்கு ரெண்டும் ஒண்ணுதான். சண்டை மனுஷங்களுக்குள்ளதான். 1976-இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டேவிட் வில்காக்ஸ் 'இன்டென்ட்' என்ற கருவியை எழுதினார். நிரலைக் கொடுத்தால் ஒழுங்குபடுத்தித் தரும். ஆனால் அதில் ஏகப்பட்ட ஆப்ஷன்கள். அதனால சண்டை ஓயலை. எந்த ஆப்ஷனை வைக்குறதுன்னு மாறிடுச்சு, அவ்வளவுதான்.

2001-இல் பைத்தானுக்கு 'பெப் 8' வந்தது. 4 ஸ்பேஸ், வரிக்கு அதிகபட்சம் 79 எழுத்து என்று விதிகளை எழுதி வைத்தார்கள். ஆனா அது ஒரு ஆவணம். படிச்சு, ஞாபகம் வச்சு, நாமதான் பின்பற்றணும்.

2009-இல் கூகுள் வெளியிட்ட 'கோ' மொழிதான் பெரிய திருப்பம். கூடவே 'கோஃபம்ட்' வந்தது. நாம எழுதினதைப் புரிஞ்சுக்கிட்டு, முழுக்கத் திரும்ப அச்சடிச்சுக் கொடுத்திடும். உள்தள்ளலுக்கு டேப்தான், மாத்த ஆப்ஷன் கிடையாது. அந்த வடிவம் ரொம்ப அழகுன்னு யாரும் சொல்லலை. ஆனா எல்லாருக்கும் ஒரே வடிவம். ரெண்டு வரி மாத்தினா, ரெண்டு வரி மாற்றம்தான் தெரியும். இதே வழியில் 2017-இல் ஜாவாஸ்கிரிப்டுக்கு 'பிரிட்டியர்', 2018-இல் பைத்தானுக்கு 'பிளாக்' வந்தன.

ஒரு விஷயத்தைக் கவனிங்க. 'விழுப்புரம்' நமக்கு 6 எழுத்து. யூனிகோடில் 11 குறியீடு. 79-ஐச் சரிபார்க்குற 'பைகோட்ஸ்டைல்' கருவி 11-ன்னுதான் எண்ணும். கருவி பாரபட்சம் பார்க்காதுதான். ஆனா விதியை எழுதினவங்க மனசுல தமிழ் இருந்திருக்காது. அதையும் கேள்வி கேட்கலாம், அதுக்கும் திருத்தம் அனுப்பலாம்.

புதுசா வர்றவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். அனுப்புறதுக்கு முன்னாடி அந்தத் திட்டத்தோட ஃபார்மேட்டரை ஒருமுறை ஓட்டிடுங்க. அப்புறம் சீனியர் பேசவேண்டியது உங்க யோசனையைப் பத்தித்தான், ஸ்பேஸைப் பத்தி இல்லை. அடுத்த பகுதியில் சந்திப்போம்.