உணவுக் கலோரி
உணவுக் கலோரி (கிலோகலோரி) என்பது, ஒரு கிலோகிராம் நீரின் உஷ்ணத்தை ஒரு டிகிரி சென்டிகிரேடு உயர்த்தும் வெப்பத்திற்குச் சமமான ஆகார சக்தியின் அலகாகும். அமெரிக்க ரசாயன அறிஞர் வில்பர் அட்வாட்டரின் (1844–1907) கணக்கு முறைப்படி, புரதமும் மாவுப்பொருளும் கிராமுக்கு 4, கொழுப்பு 9 கிலோகலோரி அளிக்கின்றன.

சக்தியின் அளவில் எல்லாக் கலோரிகளும் சமமேயாயினும், ஜீரணம் முதலியவற்றிற்கு உடல் செலவிடும் பங்கு புரதத்தில் 20–30, மாவுப்பொருளில் 5–10, கொழுப்பில் 0–3 சதவீதமென வேறுபடுவதாலும், பாதாம் போன்ற கொட்டைகளின் கொழுப்பில் ஒரு பகுதி செல் சுவர்களுள் அடைபட்டுக் கிரகிக்கப்படாமலே கழிவதாலும், புரதமும் நார்ப்பொருளும் மிகுந்த ஆகாரம் விரைவில் திருப்தியளித்து உண்ணும் அளவைக் குறைப்பதாலும், வெவ்வேறு உணவுகளின் கலோரிகள் உடல் எடையில் முற்றிலும் ஒரே விளைவைத் தருவதில்லை. எனினும், மொத்தக் கலோரியையும் புரதத்தையும் சமமாக வைத்து நிகழ்த்திய பரிசோதனைகளில், மாவுப்பொருளுக்கும் கொழுப்புக்குமிடையே பெரும் பேதம் காணப்படவில்லை.